ஒடிந்துபோன மௌஸ் கம்பி

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருக்கும். மலைமேல் இருக்கும் திருப்புலி நாட்டு ஊர் ஒன்றில், மிளகு விவசாயிகள் சங்கம் ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. டைப்பிங் படித்தவள் என்பதால் சங்கத்தின் ஒரே கம்ப்யூட்டர் என் பொறுப்பு. அதிகாரி ஒருவர் வரப்போகிறார் என்று ஆபீஸுக்கு வெள்ளையடித்தார்கள். வயர்களையெல்லாம் கழற்றி, கம்ப்யூட்டரின் சிபியூ பெட்டியை ஓரமாக எடுத்து வைத்தேன்.

சுவர் காய்ந்ததும் திரும்ப மாட்ட உட்கார்ந்தேன். பெட்டியைத் திருப்பச் சோம்பல். பின்னால் கையை விட்டுத் தடவித் தடவியே மாட்டினேன். மௌஸ் மட்டும் இறங்க மறுத்தது. கொஞ்சம் திருகி, பலமாக அழுத்தினேன். 'டக்' என்றது. சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

ஸ்விட்சைப் போட்டால் எதுவும் வேலை செய்யவில்லை. பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். கீபோர்டு ஓட்டையில் மௌஸையும், மௌஸ் ஓட்டையில் கீபோர்டையும் செருகியிருந்தேன். இரண்டும் ஒரே அளவு. பச்சை, ஊதா என்று நிறம் வேறு போட்டிருந்தார்கள்; கண்ணால் பார்த்திருந்தால்தானே! மௌஸை உருவியபோது அதன் பிளக்கில் இருந்த ஆறு குட்டிக் கம்பிகளில் ஒன்று ஒடிந்து ஓட்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. இனி கீபோர்டையும் அங்கே மாட்ட முடியாது.

மறைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் சங்கத் தலைவர் உள்ளே வந்துவிட்டார்.

"நாந்தானுங்க ஒடச்சுட்டேன்" என்று அழுதுவிட்டேன்.

அவர் குனிந்து ஓட்டையைப் பார்த்தார். "இத்தினியூண்டு கம்பிக்கா அழுவற கண்ணு? கீழ அடிவாரத்துல, பேளுக்குறிச்சியில வாட்ச் ரிப்பேர் பண்ற பாய் இருக்காரு. இதவிடச் சின்னதெல்லாம் எடுப்பாரு. நாளைக்குச் சந்தைதான், போலாம்."

மறுநாள் பஸ்ஸில் பெட்டியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் அதைக் கட்டிப்பிடித்தபடி வந்தார். சந்தைக்குள் ஒருவர் வழிமறித்தார். "ஏனுங்க, இது என்ன வெலைங்க?"

"விக்கறதுக்கில்லீங்க, வைத்தியத்துக்கு" என்றார் தலைவர். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பாய் கண்ணில் லென்ஸைப் பொருத்திக்கொண்டு ஓட்டைக்குள் பார்த்தார். "கம்ப்யூட்டரத் தொட்டதே இல்லீங்க. முயற்சி பண்றேன்" என்று மெல்லிய இடுக்கியை விட்டார். இரண்டு முறை நழுவியது. மூன்றாம் முறை கம்பி வந்தது. அரிசியில் பாதிகூட இல்லை. நான் பையில் கொண்டுபோயிருந்த மௌஸில் வளைந்திருந்த மற்ற கம்பிகளையும் நிமிர்த்திக் கொடுத்தார்.

"அஞ்சு கம்பியில ஓடுமாங்க?" என்று கேட்டேன்.

"அத அதுகிட்டத்தான் கேக்கணும்மா."

சாயங்காலம் ஆபீஸில் பெட்டியை வெளிச்சத்தில் திருப்பி வைத்து, நிறம் பார்த்து மாட்டினேன். திரையில் அம்பு நகர்ந்தது! அந்த ஆறு கம்பிகளில் இரண்டுக்கு வேலையே கிடையாது என்பதைப் பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். அன்று எனக்கு அது பாயின் கைராசி.

தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எங்க, நாலு மூலைக்கும் ஓட்டிக் காட்டு சாமி."

ஓட்டிக் காட்டினேன். பிறகு மௌஸை அவரே வாங்கிக்கொண்டார். அவருக்கு வந்த டீ ஆறி ஆடை படியும்வரை திருப்பித் தரவில்லை.