பதினான்கு மைல் தக்காளி

மினசோட்டாவின் வடகோடியில், ஊர்க்காரர்களே உறுப்பினராகச் சேர்ந்து நடத்தும் அந்த மளிகைக்கடையில் எந்தப் பொருளை வாங்குவது, எதை விடுவது என்று முடிவுசெய்யும் வேலை இருபத்திரண்டு ஆண்டுகளாக மார்லிஸ் எங்கெப்ரெட்சனுடையது. அலமாரியில் ஒவ்வொரு பொருளின் கீழும் அவர் கைப்பட எழுதிய அட்டை ஒன்று இருக்கும். விளைவித்தவர் பெயர், விளைந்த விதம், இறுதியில் தடித்த எழுத்தில் அது கடந்து வந்த தொலைவு. தேன் ஆறு மைல். உருளைக்கிழங்கு ஒன்பது மைல்.

அதற்கு முன் பன்னிரண்டு ஆண்டுகள் அவர் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் தகர டப்பாக்களைத் திறந்து பிள்ளைகளுக்குப் பரிமாறியவர். டப்பாவுக்குள் இருப்பது எங்கிருந்து வந்தது என்று அங்கே கேட்டால் சிரிப்பார்கள். கடைக்கு வந்தபின் அவர் கேட்பதை நிறுத்தவேயில்லை. சொல்லாமல் கொள்ளாமல் பண்ணைகளுக்குப் போய் நிற்பார். கொக்கோ பறிப்பவர்கள் யார் என்று விசாரித்து எழுதிய இரண்டு கடிதங்களுக்குப் பதில் வராததால், நன்றாக விற்றுக்கொண்டிருந்த சாக்லேட் ஒன்றை அலமாரியிலிருந்து இறக்கினார். தாம் வாங்கித் தின்னாத எதையும் அங்கே வைப்பதில்லை என்பது அவர் விதி. கணவர் டுவேனுக்கு அந்த விதி பொருந்தாது. பெட்ரோல் நிலையத்து டோனட்டைத் தம் வண்டியிலேயே தின்று முடித்து, தாடியிலிருக்கும் சர்க்கரையைத் தட்டிவிட்டுத்தான் அவர் வீட்டுக்குள் நுழைவார்.

பள்ளிச் சமையலறையில் மார்லிஸுடன் வேலை பார்த்தவர் ஆர்டித் லிண்ட்க்விஸ்ட். மரம் வெட்டப் போன கணவரின் முதுகு முறிந்தபின், குடும்பத்தைக் காப்பாற்ற ஆர்டித் தோட்டத்தில் ஒரு பசுமைக்குடில் போட்டார். ஏரி உறைந்து கிடக்கும் பிப்ரவரியில் அதற்குள் தக்காளி சிவந்தது. அவர் வீட்டில் பனிக்காலத்து வருமானம் அது ஒன்றுதான். அந்தத் தக்காளிக்கு மட்டும் மார்லிஸ் ‘பதினான்கு மைல்’ என்று எழுதி, கீழே சிவப்பு மையால் கோடும் இழுத்தார். நான்கு பனிக்காலம் அப்படியே கழிந்தது.

உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதத்தில் இரண்டு மணி நேரம் கடையில் உழைக்க வேண்டும். வீடுகளுக்கு எரிவாயு நிரப்பும் லாரியை ஓட்டும் வெர்ன் கெட்டுலா, அன்று தம் முறைக்கு வந்து தக்காளி அடுக்கிக்கொண்டிருந்தார்.

“இந்தத் தக்காளிய நானும் ஆர்டித்தும் சேந்துதான் வளக்கிறோம், தெரியுமா மார்லிஸ்?”

“நீங்க எப்ப விவசாயி ஆனீங்க?”

“ஒம்போது நாளைக்கு ஒருதரம் போயி குடிலச் சூடாக்குற எரிவாயுத் தொட்டிய ரொப்பிட்டு வர்றேன்ல? முந்நூறு கேலன். போன வாரத்துக் குளிருக்கு ஏழாம் நாளே கூப்பிட்டுட்டாங்க. என் லாரி தன்னாலயே அந்த வீட்டுக்குத் திரும்பிடும்.”

மார்லிஸும் சிரித்தார். பெட்டியை நகர்த்தும்போது அவர் கை நின்றது. பழைய அட்டை ஒன்றைத் திருப்பிப் போட்டுக் கணக்குப் பார்த்தார். ஒன்பது நாளில் ஆர்டித் அனுப்புவது அறுநூறு பவுண்டு. அப்படியானால் ஒரு பவுண்டுக்கு அரை கேலன் எரிவாயு. மெக்சிகோவிலிருந்து தக்காளியோடு இரண்டாயிரம் மைல் ஓடிவரும் லாரியோ நாற்பதாயிரம் பவுண்டைச் சுமக்கிறது; பவுண்டுக்கு இரண்டு மேசைக்கரண்டி டீசல்கூட ஆகவில்லை. நம்ப முடியாமல் இன்னொரு முறை போட்டுப் பார்த்தார். விடை மாறவில்லை. பண்ணைபண்ணையாக ஏறி இறங்கியவர், தோழியின் குடிலுக்குப் பின்னாலிருந்த தொட்டியை எட்டிப் பார்த்ததில்லை. மைலைத் தவிர வேறெதையும் கேட்கத் தோன்றவுமில்லை.

மறுநாள் காலை ஆர்டித்தின் வீட்டுக்குப் போனார். ஆர்டித் குடிலுக்குள் கொடிகளைக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தார். மார்லிஸ் அட்டையை நீட்டினார்.

“பனிக்காலத் தக்காளிய இனிமே எடுக்க முடியாது, ஆர்டித்.”

ஆர்டித் கணக்கைப் படித்தார். “பதினாலு மைலுன்னு செவப்புக் கோடு போட்டது யாரு? நானாடி?”

“நான்தான். தப்பு என்னுதுதான்.”

“ஒன் தப்புக்கு எங்க வீட்டு அடுப்பு அணையணுமா? எரிவாயுவையும் அட்டையில எழுதிட்டு வித்துட்டுப் போயேன். வேண்டியவங்க வாங்கட்டும்.”

“அப்படி எழுதுன பொருள நானே வாங்க மாட்டேன். நான் வாங்காதத அங்க வெச்சதில்ல.”

“ஆமா, ஊரே ஒன் வாயாலதான் திங்கணும். கெளம்பு. கதவ நல்லா சாத்திட்டுப் போ, சூடு வெளிய போயிடும். அதையும் கணக்குல சேத்துரப் போற.”

அலமாரியில் தக்காளி இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. உறுப்பினர்கள் முணுமுணுத்தார்கள். “மெக்சிகோத் தக்காளியாச்சும் வைக்கலாம்ல?” என்று ஒரு பெண்மணி கேட்டார்.

“பறிக்கிறவங்களுக்கு என்ன கூலின்னு கேட்டு எழுதியிருக்கேன். பதில் வரல.”

“அதுவரைக்கும் நாங்க என்னத்தத் தின்றதாம்?”

“முட்டைக்கோஸ் இருக்கு.”

இரண்டே வாரத்தில் ஆர்டித்தின் தக்காளி நெடுஞ்சாலையோரத்துப் பெரிய கடைக்குப் போயிற்று. அங்கே அதற்கு மேலே ‘நம்ம ஊர் விளைச்சல்’ என்று அச்சடித்த பலகை தொங்கியது. கூட்டுறவுக் கடையின் உறுப்பினர் சிலரே துணிப்பையுடன் அங்கே வரிசையில் நின்றதை டுவேன் பார்த்துவந்து சொன்னார். ஞாயிறு வழிபாடு முடிந்து எல்லாரும் காப்பி குடிக்கும் கூடத்தில், ஆர்டித் வேறு மேசைக்கு மாறினார். மார்லிஸ் தம் கோப்பையுடன் பழைய மேசையிலேயே உட்கார்ந்திருந்தார். ஏரிப் பனி உடைந்து, கொசு வந்து, ஜூன் முடியும்வரை இப்படியே நடந்தது.

ஜூலை நடுவில் ஒருநாள் கடையின் பின்வாசலில் ஆர்டித்தின் வண்டி நின்றது. உள்ளே ஆறு பெட்டித் தக்காளி.

“எடுக்கிறியா?”

“குடிலோட அடுப்பு எப்ப அணைச்ச?” என்றார் மார்லிஸ். கேட்காமலிருக்க எண்ணித்தான் வாசலுக்கு வந்திருந்தார்.

“மே பத்தொம்போது. நாத்துக்கு எரிஞ்சது நூத்தியிருவது கேலன். பூ விட்டதுக்கப்புறம் ஒரு சொட்டு கெடையாது.”

மார்லிஸ் வெள்ளை அட்டை எடுத்து, ‘நாற்றுக்கு மட்டும் சிறிது எரிவாயு’ என்று எழுதத் தொடங்கினார்.

ஆர்டித் எட்டிப் பார்த்தார். “சிறிதுன்னா என்னடி? பிப்ரவரியில வந்து பைசா சுத்தமா கணக்குப் போட்டல்ல? நூத்தியிருவதுன்னு எழுது.”

மார்லிஸ் அடித்துவிட்டு நூற்றிருபது என்று எழுதினார். பிறகு, “பனிக்காலத்துக்கு என்ன பண்ணப் போற?” என்று கேட்டார்.

“நெடுஞ்சாலைக் கடைதான். அவங்க ஒண்ணும் கேக்கிறதில்ல.”

மார்லிஸ் தலையசைத்தார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து முதல் பெட்டியைத் தூக்கினர்.