பௌர்ணமிக்குப் பத்தி இல்லாத நோட்டு

பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கினேன். அதைப் பார்த்ததும் அப்பாவுக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. வேங்கிக்கால் அலுவலகத்தில் சம்பளம் வாங்கி வந்தவர், வீட்டுச் செலவுப் பணம் ஆயிரத்து எண்ணூறு ரூபாயை அம்மாவிடம் கொடுக்காமல் என் கையில் வைத்தார்.

"இந்த மாசம் நீதான் குடும்பத்த நடத்தப்போற. கடைசியில எவ்ளோ மிச்சமோ, அது உனக்கு."

"நாளைக்கே ரசத்துல புளி இருக்காது, பாருங்க" என்றாள் அம்மா.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தேரடி வீதிக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கைக்கடிகாரம் இருந்தது. கறுப்பு வார், பொன்னிற முள், விலை நூற்றெழுபத்தைந்து.

நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டேன். பால், அரிசி, மளிகை, காய், தம்பியின் பென்சில் என எல்லாவற்றுக்கும் தனிப் பத்தி. இருபதாம் தேதி கூட்டிப் பார்த்தேன். மாதக் கடைசியில் நூற்றுத்தொண்ணூறு மிஞ்சும்! இரண்டாம் முறை கூட்டியபோதும் அதே தொகைதான் வந்தது.

இருபத்துநாலாம் தேதி காலை பதினொரு மணிக்கு, கீழ்பென்னாத்தூர் அத்தை தலைமையில் எட்டுப் பேர் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். பௌர்ணமி. மாதம் தவறாமல் கிரிவலத்துக்கு வருகிறவர்கள்தான். மலையைப் பார்த்தே வளர்ந்த நான் அதற்கு ஒரு பத்தி போடவில்லை.

"என்னடி, காபி தண்ணியா இருக்கு?"

"பால் கம்மிங்க அத்தை" என்றேன்.

"அண்ணி, உங்க மாமியாரே தேவல போலிருக்கே!" என்று அத்தை தன் தாயையே வம்புக்கு இழுத்ததில் வீடே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நூற்றறுபத்தைந்து ரூபாய் போய், மிச்சம் இருபத்தைந்தில் நின்றது.

மறுநாள் காலை புறப்படும்போது, வழக்கம்போல் பெரியவர்கள் என் கையிலும் தம்பி கையிலும் ரூபாய் நோட்டுகளைத் திணித்தார்கள். எப்போதும் அதை அம்மா வாங்கித் தன் பர்ஸின் உள்ளறையில் வைத்துவிடுவாள். இம்முறை நான் முந்திக்கொண்டேன். எண்ணினால் நூற்றறுபது! பட்டம் வாங்கித் தருவதாகச் சொல்லித் தம்பியைச் சம்மதிக்க வைத்து, முழுவதையும் வரவில் எழுதினேன். மொத்தம் நூற்றெண்பத்தைந்து.

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "வந்தது வரவுதானே, விடு" என்றார் அப்பா.

முதல் தேதி மாலை கடிகாரம் என் மணிக்கட்டில் இருந்தது.

அந்த மாதக் கடைசியில் அம்மாவும் நானும் கீழ்பென்னாத்தூர் போனோம். கிளம்பும் நேரத்தில் அத்தையின் மூன்று பிள்ளைகளும் வாசலில் வந்து நின்றார்கள். அம்மா பர்ஸைத் திறந்து, பழக்கத்தில் உள்ளறைக்குள் விரலை விட்டாள். விரல் வெறுமனே வெளியே வந்தது. பிறகு அவள் என் மணிக்கட்டைப் பார்த்தாள்.

நேரம் கேட்கிறாள் என்று நினைத்தேன். கையை உயர்த்தி, பிள்ளைகளுக்கும் தெரியும்படி திருப்பி, உற்சாகமாகச் சொன்னேன்:

"நாலு இருபதும்மா! பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."