காலரில் ஏறிய புகை

எங்கள் சட்டைக் கம்பெனியில் அயர்ன் செய்கிறவரை முகத்துக்கு நேரே மாஸ்டர் என்போம். அவர் அந்தப் பக்கம் போனதும் ரயில் என்பார்கள். பின்வாசலில் நின்றால் வாயிலிருந்து புகை, உள்ளே வந்தால் இஸ்திரிப் பெட்டியிலிருந்து ஆவி, மனுஷனுக்கு ஓய்வே கிடையாது என்று பட்டன் தைக்கிற பட்டன் அக்கா வைத்த பெயர். அவர் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து சட்டைகளில் பிசிறு வெட்டுகிறவள் நான். அதிகம் பேசமாட்டேன், பார்த்துக்கொண்டிருப்பேன்.

சட்டையின் கைகளை முதலில் தேய்ப்பார். பிறகு முதுகு, கடைசியில் காலர். காலரை மடித்ததும் பதம் பார்ப்பதுபோல் விரல் நுனியால் ஒரு முறை தடவுவார். தொழில் பழகியது ஒரு சலவைக் கடையில், கரிப்பெட்டிக் காலத்தில். பெட்டிக்குள்ளேயே நெருப்பு இருந்ததால் சிகரெட்டுக்குத் தனியாகத் தீப்பெட்டி தேவைப்படவில்லை, பழக்கம் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது என்பார்.

ஒரு நாள் ஒரு பெட்டி வெள்ளைச் சட்டை திரும்பி வந்தது. தையலில் குறை இல்லை. பிரித்தால் சிகரெட் நாற்றம். மேனேஜர் ஒரு சட்டையை மோந்து பார்த்துவிட்டு நேராக மாஸ்டரிடம் வந்தார்.

"உங்க கை வாசனை ஆவியோட சேந்து துணியில ஏறுது மாஸ்டர். அடுத்த லாட் போறதுக்குள்ள விட்டுடுங்க. அன்னிக்கு நானே மோந்து பாப்பேன். வாசனை இருந்தா உங்களை லோடிங்குக்கு மாத்தறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல."

லோடிங் என்றால் லாரியில் பெட்டி ஏற்றும் வேலை. மாஸ்டர் அன்று முழுவதும் தன் மேஜை விரிப்பை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார்.

அவர் மகள் போனில் ஒரு ஆப் ஏற்றிக் கொடுத்தாள். ஆசை வரும்போது சிவப்புப் பொத்தானை அழுத்தினால் ஒரு பெண் குரல் வரும்: "அன்பரே, ஐந்து நிமிடம் பொறுத்திருங்கள். ஒரு குவளை தண்ணீர் அருந்துங்கள். இந்த ஆசை கடந்து போகும்."

சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்குப் போட்டுக் காட்டினார். "வீட்டுல இது பேசினதும் என் சம்சாரம் கரண்டியோட ஓடி வர்றா. யாருங்க அவ, உங்களைப் போய் அன்பரேங்கறான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள் பட்டன் அக்கா.

"சிகரெட்டை விடச் சொல்றாம்மான்னேன். அதுக்கு அவ, நான் கல்யாணமான நாள்லேருந்து அதைத்தானே சொல்றேன், எனக்கும் ஒரு பொத்தான் இருந்திருந்தா கேட்டிருப்பீங்களான்னு கேக்கறா."

வீட்டில் அந்தக் குரல் வேலை செய்தது. கம்பெனியில்தான் சிக்கல். வேலை நேரத்தில் போனை வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட வேண்டும். ஆசையோ வேலை நேரத்தில்தான் வரும். மாஸ்டரின் கை தானாகச் சட்டைப் பையைத் தடவும்போது பட்டன் அக்கா மெஷினை நிறுத்தி, அந்தக் குரல் மாதிரியே மூக்கால் இழுத்து, "அன்பரே" என்பாள். அடுத்த வரிசை, "ஐந்து நிமிடம் பொறுத்திருங்கள்" என்னும். யாராவது தண்ணீர் பாட்டிலை நீட்டுவார்கள்.

"உங்களுக்கெல்லாம் சார்ஜே இறங்காதாடி" என்று சொல்லிக்கொண்டே குடிப்பார்.

அடுத்த லாட் சட்டைகள் லாரியில் போகிற நாளும் வந்தது. மத்தியானம் மேனேஜர் வருவதாக இருந்தது. காலையில் பிசிறுக் குப்பையைக் கொட்டப் பின்வாசலுக்குப் போனேன். அங்கே மாஸ்டர் நின்றிருந்தார். லாரி டிரைவரிடம் வாங்கிய சிகரெட் வாயில் இருந்தது. தீக்குச்சியை இன்னும் உரசவில்லை.

"படபடன்னு வருதும்மா. ஒண்ணே ஒண்ணு. அந்த ராட்சசிங்ககிட்ட சொல்லிடாத."

அக்காவைக் கூப்பிட்டால் மெஷின் சத்தத்தில் கேட்காது. அவர்கள் விளையாட்டில் நான் ஒரு நாளும் சேர்ந்ததில்லை. "அன்பரே" என்று ஆரம்பித்தேன். மீதியை எங்கேயும் நிறுத்தாமல், ஏற்ற இறக்கம் இல்லாமல், தண்ணீர் வரைக்கும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

மாஸ்டர் என்னையே பார்த்தார். பிறகு சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, வாயிலிருந்த சிகரெட் கீழே விழுந்தது.

"அவளுங்க பண்றதெல்லாம் சும்மா. நீதாம்மா அச்சு அசல்."

குனிந்து எடுத்து, இரண்டாக ஒடித்து, என் குப்பைச் சாக்கில் போட்டார். ஐந்து நிமிடம் ஆகட்டும் என்று அங்கேயே நின்றோம். டிரைவர் லாரியைத் திருப்ப முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார். "இன்னும் ஒடிக்கணும்யா, இன்னும் ஒடி" என்று மாஸ்டர் அவருக்கு வழி சொன்னார்.

மேனேஜர் வந்ததும் ஒரு பெட்டியைப் பிரித்தார். மேலே இருந்ததை விட்டுவிட்டு நடுவிலிருந்து ஒரு சட்டையை உருவினார். காலரை மூக்கில் வைத்துப் பார்த்தார். அடியிலிருந்து இன்னொன்று. அப்புறம் மாஸ்டரின் கையையே பிடித்து மோந்தார். எங்களில் யாரும் மெஷினை மிதிக்கவில்லை.

"துணி வாசனைதான் வருது" என்றார். "பெட்டியை ஒட்டுங்க. லோடிங்குக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

அவர் தலை மறைந்ததும் பட்டன் அக்கா மேஜையைத் தட்டினாள். மாஸ்டர் யாரையும் பார்க்காமல் அடுத்த சட்டையை விரித்தார். பெட்டியை வைத்த வேகத்தில் சட்டை முதுகில் ஒரு கோணல் மடிப்பு விழுந்தது. அதன்மேல் தண்ணீர் தெளித்து, மறுபடி நிதானமாகத் தேய்த்தார்.