லியோனுக்கு ஒரு மெழுகுதிரி

அம்பிட்டியவில் மலைச்சரிவை ஒட்டிய அந்த இரண்டு அறை வீட்டின் வாசல் பல்பைத் தெரேசா அணைப்பதே இல்லை. யுத்தம் முடியப்போகிற காலத்தில் அவள் கணவன் லியோனை விசாரணைக்கென்று வீட்டிலிருந்து கொண்டுபோனார்கள். கண்டியில் ஒரு இரும்புக்கடையில் வேலை பார்த்தவன். போர்ப் பகுதியை ஒட்டிய வவுனியாவுக்குச் சாமான் ஏற்றிய லொறியோடு இரண்டொரு தரம் போய்வந்ததைத் தவிர வேறொன்றும் அறியாதவன். வந்தவர்கள் கண்ணுக்கு நேரே டோர்ச் அடித்ததில், அவர்களில் ஒருவரைக்கூட அவளால் அடையாளம் சொல்ல முடியவில்லை.

"அந்த வெளிச்சத்துல எனக்கு ஒண்ணுமே தெரியலங்க" என்று எத்தனையோ அலுவலகங்களில் சொல்லியிருப்பாள்.

எல்லாம் ஒரு நாள் வெளிச்சத்துக்கு வரும் என்று காணாமல்போனவர்களைப் பற்றி விசாரிக்க வந்த பெரியவர்கள் சொன்னார்கள். அவள் நம்பினாள். ஹோட்டல் ஒன்றில் துணி துவைத்து மகள் அஞ்சலாவைப் படிக்கவைத்தாள். கரண்ட் வெட்டிய நாட்களில் ஜன்னலில் லாம்பு வைத்தாள். வருகிற மனுசனுக்குப் படி தெரிய வேண்டாமா?

அஞ்சலாவுக்கு நாவலப்பிட்டி றஜீவோடு கல்யாணம் நிச்சயமானது. கல்யாணத்துக்கு முன்னால் வந்த கல்லறைத் திருநாளில், அப்பாவுக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்துவோம் என்றாள் அவள். தெரேசா உடனே மறித்தாள்.

"உசுரோட இருக்கிற மனுசனுக்கு யாராச்சும் கல்லறையில கொளுத்துவாங்களா?"

"அந்த வாசல் லைட்டப் பாத்துப் பாத்தே வளந்துட்டேன்மா. ஒரு நாள்கூட நிம்மதியா தூங்கல. எனக்கு அழறதுக்கு ஒரு எடம் வேணும்."

தெரேசா கல்லறைத் தோட்டத்துக்கு மகளின் பின்னாலேயே நடந்தாள்.

வேறெங்கோ புதைந்தவர்களுக்காகப் பெரிய சிலுவையடியில் திரி ஏற்றுவது அங்கே வழக்கம். அஞ்சலா குனிந்து அப்பாவின் பெயரைச் சொல்லி ஏற்றினாள். அவ்வளவுதான், தெரேசா பாய்ந்து சுடரை விரலால் நசுக்கினாள். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அஞ்சலா கோபிக்கவில்லை. பக்கத்துத் திரியில் பிடித்து மறுபடி ஏற்றினாள். தெரேசா மறுபடியும் நசுக்கினாள். மூன்றாம் முறை கை எழவில்லை. சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டாள். மகள் அழுது முடிக்கும்வரை எரிகிற திரியைப் பார்க்காமல் வேலியையே பார்த்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து தாயின் கொப்புளம் எழும்பிய விரல்களுக்கு அஞ்சலாதான் மருந்து பூசினாள்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. மன்றாட்டு நேரத்தில், மணமகளின் மரித்த தந்தை லியோனுடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று வாசித்தார்கள். கோயில் முழுக்க ஒரே குரலில் பதில் சொல்லிற்று. முன்வரிசையில் புதுச்சேலை கட்டி நின்ற தெரேசாவின் வாய் மட்டும் திறக்கவில்லை.