பாறைத் தோளுக்கு அப்பாலுள்ள குளம்

பத்மநாதன் புறப்பட்டது பிரான்சுக்கு. 1990ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் அவரைக் கொழும்பிலிருந்து மொரிசியசுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து சிறியதொரு விமானத்தில் ஏற்றி, இந்து சமுத்திரத்தின் நடுவே எரிமலை எழுப்பிய தீவொன்றில் இறக்கினான். பார்த்த இடமெல்லாம் கரும்பும் கறுத்த மலையுமாக இருந்தன.

"தம்பி, இது என்ன இடம்?"

"பிரான்ஸ்தான் அண்ணை. கொடியைப் பாருங்கோ."

கொடி பிரெஞ்சுக் கொடிதான். அந்த ரியூனியன் தீவு சட்டப்படி பிரான்சின் ஒரு பகுதி. ஏஜென்ட் பொய் சொல்லவில்லை. அடுத்த கிழமை வருவதாகச் சொல்லிவிட்டு ஒரு வருடம் வரவில்லை, அவ்வளவுதான். பிற்காலத்தில் ரொறன்ரோவில் இந்தக் கதையைக் கேட்டவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் சிரித்தார்கள். பத்மநாதன் சிரித்ததில்லை.

அங்கே அவருக்குப் பின்னறை ஒன்றைக் கொடுத்தவர் கரும்பு லொறி ஓட்டும் கஸ்பர். கஸ்பரின் மனைவி ஜோசப்பினுடைய பூட்டன் தமிழ்நாட்டிலிருந்து கரும்பு வெட்ட வந்தவராம். ஜோசப்பினுக்குத் தமிழில் ஒரு தேவாரம் தெரியும். அதில் ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது. பத்மநாதன் அவர்களுடைய கிரியோல் மொழியைப் பேரேட்டில் பற்றெழுதுவதுபோல ஒவ்வொரு சொல்லாக எழுதிப் படித்தார். ஞாயிறுதோறும் கஸ்பர் அவரை ஆற்றுக்குக் கூட்டிப்போனார்.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் ஆறு என்ற ஒன்றைப் புவியியல் பாடத்தில்தான் கண்டிருந்தார். இந்த ஆறோ மலையை இரண்டாகப் பிளந்துகொண்டு வந்தது. எரிமலைக் குழம்பு ஆறியபோது வெடித்துத் தூண் தூணாக நின்றுவிட்ட கருங்கல் இருபக்கமும் செங்குத்தாக எழுந்திருந்தது. மேலே வானம் ஒரு நாடா அகலத்துக்குத் தெரிந்தது. பாதை கிடையாது, ஆற்றுக்குள்ளேயே, நீரை எதிர்த்து நடக்க வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் நீர் பாறையைக் குடைந்து ஒரு குளத்தைச் செய்து வைத்திருந்தது. முதற்குளத்தைக் கஸ்பர் 'சட்டி' என்றார். அதில்தான், முப்பத்தொன்பது வயதில், பத்மநாதன் நீந்தப் பழகினார். மல்லாந்து மிதக்கையில் அருவியின் இரைச்சல் காதுக்குள் அடங்கிப்போகும். ஊர், ஏஜென்ட், பாஸ்போர்ட் இல்லாத நிலை எல்லாம் அந்த நேரத்துக்குக் கரையிலேயே நின்றுவிடும்.

மேலே போகப் போகப் பாறைச் சுவர்கள் நெருங்கி வந்தன. கடைசியில் ஒரு பாறை, தோளைப்போல ஆற்றுக்குக் குறுக்கே நீட்டி நின்றது. அதன்மேல் ஏறலாம். அப்பால் போவதென்றால் மறுபக்கத்து இருட்டுத் தண்ணீருக்குள் குதிக்க வேண்டும். குதித்தவர் திரும்பி ஏற முடியாது. மேலே போய்த்தான் வெளியேற வழி.

"அங்கே ஒரு குளம் இருக்கிறது. நடுப்பகலில் வெயில் நேராக உள்ளே இறங்கும். தண்ணீர் அப்படி ஒரு நீலம்" என்பார் கஸ்பர்.

பத்மநாதன் பல ஞாயிற்றுக்கிழமைகள் அந்தப் பாறைமேல் நின்றார். ஒவ்வொரு முறையும் திரும்பினார். அடுத்த ஞாயிறு குதிப்பது என்று உறுதியாகத் தீர்மானித்த கிழமையில், வியாழக்கிழமை, ஏஜென்டின் ஆள் கனடாவுக்கான விமானச் சீட்டோடு வந்து நின்றான்.

ரொறன்ரோவில் அவருடைய அகதி விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்த ஒருவர், "உந்தத் தீவுக்கதை வேண்டாம் அண்ணை, சிக்கல்" என்று அந்த வருடத்தை அப்படியே விழுங்கிவிட்டார். விசாரணையில் அது பிடிபட்டது. இல்லாத வருடத்துக்குக் கணக்குச் சொல்ல முடியாதவர் என்று விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. பத்மநாதன் தானே ஆங்கிலம் படித்து, தானே மனு எழுதி, ஜோசப்பின் அனுப்பிய படங்களையும் தீவில் எடுத்த பேருந்துச் சீட்டுகளையும் சேர்த்து, அந்த வருடத்தை மீட்டு, அகதியாக ஏற்கப்பட்டார். அதற்குள் காலம் ஓடிவிட்டது. மனைவி பாலேஸ்வரி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர 1995 ஆகிவிட்டது.

அந்தத் தாமதத்தை அவர் யாருக்கும் மன்னிக்கவில்லை. அந்தத் தீவை மறக்கவுமில்லை. ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் அவர்களுடைய அடுக்குமாடிக்குப் பின்னால் ஒரு பள்ளத்தாக்கில் ஓடை ஒன்று ஓடியது. வேலை முடிந்து வந்ததும் அங்கே இறங்கி, மழைத்தண்ணீர்க் குழாய் வரைக்கும் நடந்துவிட்டு வருவார். அதற்குமேல் ஓடை இல்லை.

ஒரு கோடையில் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கம் ஒரு சுண்ணாம்புக்கல் பள்ளத்தாக்குக்குப் பிக்னிக் போனது. கொத்துரொட்டி தயாராகும்போது பத்மநாதனைக் காணவில்லை. சங்கச் செயலாளர் செல்வரட்ணம் தேடிப்போனபோது, அவர் காற்சட்டையை மடித்துக்கொண்டு ஆற்றுக்குள் நின்று பாறையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"என்ன பத்மநாதண்ணை, கல்லுக்குக் காய்ச்சலோ?"

"இது வெள்ளைக் கல்லு. சூடு பிடிக்காது."

"ஆக்கள் ஊரை நினைச்சு அழுகினம். நீங்கள் ஏஜென்ட் ஏமாத்தி இறக்கின இடத்தை நினைச்சு அழுறியள். உங்களை மாதிரி ஒரு ஆளை ஏமாத்த அவன் குடுத்து வைச்சிருக்க வேணும்!"

எல்லோரும் சிரித்தார்கள், பாலேஸ்வரியைத் தவிர. காரில் திரும்பும்போது அவர் யன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "நான் குண்டுக்குப் பயந்து பங்கருக்குள்ள இருந்த வருசம், நீங்கள் குளத்துக்குள்ள இருந்திருக்கிறியள்."

 அது உண்மை. அன்றிலிருந்து வீட்டில் அந்தக் குளங்களைப்பற்றிப் பத்மநாதன் பேசவில்லை, பாலேஸ்வரி கேட்கவுமில்லை.

1998இல் கனேடியப் பாஸ்போர்ட் கையில் வந்தது. அதற்கடுத்த ஞாயிறு காலை, தொலைபேசி அட்டையின் இலக்கங்களை ஒவ்வொன்றாக அழுத்தித் தீவுக்கு எடுத்தார். பாலேஸ்வரி சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார்.

ஜோசப்பின் கத்திக் கூப்பிட, கஸ்பர் வந்தார். பத்மநாதன் தான் வரப்போவதாகச் சொன்னார். இம்முறை குதிப்பேன் என்றும் சொன்னார். கஸ்பர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பத்மா, ஒரு விஷயம். அந்தப் பாறைக்கு அப்பால் நான் போனதில்லை."

"என்ன சொல்கிறீர்?"

"என் தகப்பன் போனதாகச் சொல்லுவான். அவன் குடிகாரன். நீ குதித்தால் உன் பின்னால் குதிக்கலாம் என்று நான் காத்திருந்தேன். நீ என்னடா என்றால் கனடாவுக்குக் குதித்துவிட்டாய்!"

பின்னால் ஜோசப்பின் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. கஸ்பரும் சிரித்தார்.

தொலைபேசியை வைத்த பிறகு பத்மநாதன் கதிரையிலேயே இருந்தார். இவனும்தான் ஏமாற்றினான் என்று கோபத்தைத் தேடிப் பார்த்தார். ஏஜென்டின்மேலும் விண்ணப்பம் எழுதியவர்மேலும் இத்தனை வருடம் குறையாமல் இருந்த கோபம், கஸ்பரிடம் போக மறுத்தது. குடிகாரன் ஒருவனின் பேச்சைத் தவிர, அந்த நீலத்தை யாரும் கண்டதில்லை. இரவில் கண்ணை மூடினால் அவர் கண்டுவந்த குளம், யாருடைய கண்ணிலிருந்தும் வந்ததல்ல. ஆனாலும் நெஞ்சுக்குள் அதை நோக்கிய இழுப்பு கொஞ்சமும் தளரவில்லை, இன்னும் இறுகியது.

"என்னவாம்?" என்றார் பாலேஸ்வரி, திரும்பாமலே.

"அங்கால குளம் இருக்கோ எண்டு ஒருத்தருக்கும் நிச்சயமில்லையாம்."

"அப்ப பிளேன் ரிக்கற் எடுக்கேல்லையோ?"

"எடுக்கத்தான் வேணும். ரெண்டு."

கத்தி நின்றது. "நான் ஒண்டுக்குள்ளையும் குதிக்க மாட்டன். இப்பவே சொல்லிப்போட்டன்."

"நீர் குதிக்க வேண்டாம். நான் குதிச்ச பிறகு கஸ்பர் நிண்டு யோசிச்சாரெண்டால், பின்னால ஒரு தள்ளு. அவ்வளவுதான்."

"அந்த மனுசனைத் தள்ளுறதுக்கோ என்னை அவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போறியள்?"

 கத்தி மறுபடியும் வெங்காயத்தை அரியத் தொடங்கியது. கொஞ்ச நேரம் கழித்துப் பாலேஸ்வரி கேட்டார்:

"தண்ணி சரியான குளிரோ?"

பத்மநாதன் யோசித்தார். தெரிந்ததை மட்டுமே சொல்வது அவர் வழக்கம்.

"கீழ்க் குளங்களிலை குளிர்தான். மேலை எப்பிடியெண்டு தெரியேல்லை."