லவோனின் இஸ்திரி

ஆர்டித் குச்சேரா இருபத்தாறு வருடமாகத் தபால் கொடுத்துவந்தாள். நெப்ராஸ்காவின் சோளக் காடுகளுக்கு நடுவே தினமும் எழுபது மைல். தன் சொந்தக் காரில், ஸ்டியரிங் இருக்கும் இடது பக்கத்து ஓட்டுநர் இடத்தில் உட்காராமல் வலது பக்கம் உட்கார்ந்துகொள்வாள். இடது காலை நீட்டி பிரேக்கை மிதிப்பாள், இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடிப்பாள், வலது கையால் வழியோரப் பெட்டிகளில் கடிதங்களைச் செருகிக்கொண்டே போவாள். அப்படி ஓட்டி ஓட்டி அவள் நடையே கொஞ்சம் கோணிவிட்டது என்பார் கணவர் டெல்மர். யார் வீட்டுக்கு எந்தப் பத்திரிகை வருகிறது, யாருடைய மகன் கடிதம் போடுவதை நிறுத்திவிட்டான் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறக்கமாட்டாள். ஊரில் அவளைப் பற்றிக் குறை சொல்ல ஆளே இல்லை, அவள் குவில்ட் என்னும் ஒட்டுத்துணிப் போர்வை தைக்க உட்காரும்வரை.

தைக்க உட்கார்ந்ததற்குக் காரணம் லவோன் ஸ்டூர். உயர்நிலைப் பள்ளியில் முப்பத்தொரு வருடம் தையலும் சமையலும் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். வாரம் தவறாமல் அவளுக்குத் துணிப் பார்சல் வரும். ஒருநாள் கையெழுத்துப் போட்டு வாங்கும்போது லவோன் சொன்னாள்:

"எங்க கூட்டத்துல ஒருத்தி அரிசோனாவுக்குக் குடிபோயிட்டா. ஆறு பேர் இருந்தாத்தான் சரியா வரும். நீ வந்துடு."

"எனக்குத் தைக்கவே தெரியாதே."

"கார் ஓட்டுற இல்ல? அதே மாதிரிதான். காலால அமுக்கணும், நேரா போகணும்."

ஆர்டித் கார் ஓட்டும் லட்சணத்தைப் பார்த்துக்கொண்டே இப்படிச் சொன்னது லவோனின் தப்பு.

கூட்டத்தின் ஏற்பாடு எளிமையானது. மாதத்தின் முதல் வியாழக்கிழமை மாலை, லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூடுவார்கள். ஒவ்வொரு மாதமும் ஒருத்தியின் முறை. அவள் நிறத்தைச் சொல்லுவாள். மற்ற ஐந்து பேரும் ஆளுக்கொரு சதுரம், பக்கம் பன்னிரண்டரை அங்குலத்துக்கு, துண்டு துண்டாக வெட்டி ஒட்டித் தைத்துக் கொடுப்பார்கள். அவளும் ஒன்று தைப்பாள். இப்படி வருடக்கணக்கில் சேர்ந்த சதுரங்களை இணைத்தால் ஒரு போர்வை. படுத்தால் தோழிகள் எல்லோரும் மேலே இருப்பார்கள்.

ஆர்டித்தின் முதல் சதுரம் மேஜைக்கு வந்தபோது எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். நான்கு மூலைகள் இருந்தன, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஊரில் பெண்களுக்கு முடிவெட்டும் ட்வைலாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஏன்டி, காருக்குள்ள வச்சுத் தைச்சியா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆர்டித்தும் சிரித்தாள். பன்றிப் பண்ணைக்காரி மெர்னா மட்டும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நிறம் நல்லாருக்கு" என்றாள். மெர்னா ஒரு மாலைக்கு ஒரு வாக்கியத்துக்கு மேல் பேசுவதில்லை. அன்றைக்கு உண்டானதை அதிலேயே தீர்த்துவிட்டாள்.

அடுத்த மாதத்திலிருந்து லவோன் ஒரு புது வழக்கம் கொண்டுவந்தாள். கூடுவதற்கு ஒரு வாரம் முன்பே, முறைக்காரியைத் தவிர எல்லோரும் சதுரங்களைத் தன்னிடம் கொடுத்துவிட வேண்டும், தான் இஸ்திரி போட்டு எடுத்துவருவேன் என்றாள். போட்டும் வந்தாள். ஆர்டித்துக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. சுருங்கிக்கிடந்த தன் சதுரம் தட்டுபோலப் படிந்து, மூலைகள் கூடிவந்திருந்தன. இஸ்திரியில் இவ்வளவு இருக்கிறதா என்று லவோன் வைத்திருக்கும் இஸ்திரிப் பெட்டியின் ரகத்தைக் கேட்டு, அதே பெட்டியை வாங்கினாள். வீட்டில் போட்டுப் பார்த்தால் கோணல் சூடானது, நேராகவில்லை. தண்ணீர் தெளிப்பதில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். இப்படியே பதினோரு வருடம் போயிற்று.

பன்னிரண்டாம் வருடம் ஏப்ரலில் ட்வைலாவின் முறை. நீலமும் மஞ்சளும் கேட்டிருந்தாள். ஆர்டித், மஞ்சளில் வாத்து போட்ட துணியைத் தேடிப்பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். நான்கு நாள் கழித்து லவோனுக்கு ஒரு பார்சல் வந்தது. கதவைத் தட்டினால், "உள்ள வா, நிலவறையில இருக்கேன், இதோ வர்றேன்" என்று கீழேயிருந்து குரல் கேட்டது. ஆர்டித் சமையலறைக்குள் போனாள்.

மேஜைமேல் வாத்துகள் கிடந்தன. ஒன்பது துண்டாக. நூலெல்லாம் பிரித்து எடுக்கப்பட்டு, ஓரங்கள் நறுக்கப்பட்டு, பாதி திரும்பத் தைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் தையல் மிஷின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இஸ்திரிப் பெட்டி அலமாரியில் இருந்தது.

ஆர்டித் பார்சலை நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே வந்து காரில் ஏறினாள். அன்றைக்கு அவள் வாழ்க்கையில் நடக்காதது நடந்தது. பாதிரியாரின் மனைவிக்கு வந்த உள்ளாடை விளம்பரப் புத்தகம் மெர்னாவின் பண்ணைக்குப் போனது. பன்றித் தீவன விளம்பரம் பாதிரியார் வீட்டுக்குப் போனது. மாலைக்குள் ஏழு பேர் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். யாரும் திட்டவில்லை, உடம்புக்கு என்ன என்றுதான் விசாரித்தார்கள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"இனிமே நான் போகமாட்டேன்," என்றாள் டெல்மரிடம். "பதினோரு வருஷமா என்னை வச்சு நாடகம் ஆடியிருக்கா. நான் அந்த இஸ்திரிப் பெட்டி என்ன ரகம்னு வேற கேட்டேன்."

டெல்மர் உருளைக்கிழங்கைப் பிசைந்துகொண்டே யோசித்தார். "உன் துண்டைப் பிரிச்சுத் தைக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு மணி நேரமாவது ஆகும்."

"மாசா மாசம், பதினோரு வருஷம். உன்னப் பிடிக்காதவ எவளாவது செய்வாளா?"

"பிடிச்சவ சொல்லியிருக்கணும்," என்றாள் ஆர்டித். ஆனால் அன்றைக்கு உருளைக்கிழங்கை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

கூட்டத்தை விட்டு விலகவில்லை. மே மாதச் சதுரத்தைத் தைக்கும்போது, மடிந்து உள்ளே போகும் ஓரத்தில் பென்சிலால் சிறியதாக எழுதினாள்: "லவோன், நான் பாத்துட்டேன்." அதன்மேல் தையல் போட்டு மூடினாள். பிரித்தால் ஒழிய யாருக்கும் தெரியாது.

வியாழக்கிழமை அந்தச் சதுரம் தட்டுபோலப் படிந்து வந்தது. லவோன் முகத்தில் ஒன்றுமில்லை. எல்லோருக்கும் காபி ஊற்றினாள், கொடிமுந்திரி வைத்த கோலாச்சி என்ற இனிப்பு ரொட்டியை எடுத்து நீட்டினாள். ஆர்டித்துக்கு மட்டும் இரண்டு வைத்தாள்.

ஜூனில், "இஸ்திரிப் பெட்டி சௌக்கியமா?" என்று எழுதினாள். ஜூலையில் நான்கு தையலுக்குள் நான்கு குறிப்பு. "இது முதல் தையல்." "இதையும் பிரிச்சிட்டியா?" "போய்க் காபி குடிச்சிட்டு வா." "இதுவாச்சும் நேரா இருக்கா?" வேண்டுமென்றே ஒரு முக்கோணத்தைத் தலைகீழாக வைத்துத் தைத்தாள். அந்தச் சதுரமும் தவறாமல் அழகாகத் திரும்பி வந்தது. "கை தேறிட்டுதுடி உனக்கு" என்று ட்வைலா தோளில் தட்டினாள். லவோன் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். வழக்கத்தைவிட அதிக நேரம் கோத்தாள்.

ஆகஸ்டில் ஆர்டித்தின் முறை. ஐந்து சதுரங்களைக் கையில் கொடுக்கும்போது லவோன் பள்ளிக்கூடக் குரலில் சொன்னாள்: "நல்ல பக்கத்தை மட்டும் பாக்காத ஆர்டித். பின்பக்கம் பாக்காதவளுக்குத் தையல் வரவே வராது."

ஆர்டித் பின்பக்கம் பார்த்தாள். லவோன் தைத்த நட்சத்திரத்தில், ஒரு தையலுக்குள்ளிருந்து பென்சில் கோட்டின் வால் எட்டிப்பார்த்தது.

வீட்டுக்கு வந்ததும் பிரிக்க உட்கார்ந்தாள். நூல் பிரிக்கும் கருவி அவளிடம் கிடையாது. தைத்த எதையும் அவள் பிரித்ததே இல்லை. டெல்மரின் சவர பிளேடால் ஒவ்வொரு நூலாக அறுத்தாள். முதல் தையலில், "கோபமா?" அடுத்ததில், "உன்னுது மட்டும் இல்லடி." அதற்கடுத்ததில், "ட்வைலாவுக்கு முக்கோணமே வராது." பிறகு, "மெர்னாவுக்கு மூலை வராது." பிறகு, "எல்லாருதையும்தான் பிரிக்கிறேன். கோணலைப் பாத்தா எனக்குத் தாங்காது. வேற ஒண்ணும் இல்ல." கடைசித் தையலில், "பிரிச்சிட்டே இல்ல? இப்ப நீயே திருப்பித் தை."

ஆர்டித் பதினாறு துண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். டெல்மர் செய்தித்தாளை இறக்கினார்.

"என்ன?"

"ட்வைலாவுக்கு முக்கோணம் வராதாம்."

"அது நல்ல சேதியா?"

"இந்த வருஷத்துலயே நல்ல சேதி அதுதான்."

செப்டம்பர் கூட்டத்தில் ட்வைலா, "ஆர்டித், என் பக்கத்துல உக்காரு. முக்கோணத்தை எப்படிச் சேக்கிறதுன்னு காட்டுறேன்" என்று கூப்பிட்டாள்.

"உன் முக்கோணம் மாதிரி எனக்கு வருமா ட்வைலா," என்றாள் ஆர்டித். "அதுக்குன்னு தனிக் கை வேணும்."

லவோனுக்குக் காபி புரையேறியது. மெர்னாதான் முதுகில் தட்டிவிட்டாள்.

பிப்ரவரி நடுவில் ஒருநாள் ஆர்டித் தன் வழியில் வரும்போது, லவோன் வீட்டுத் தபால் பெட்டிக்குக் கீழே லவோனே பனியில் வழுக்கி விழுந்து உட்கார்ந்திருந்தாள். வலது மணிக்கட்டு பார்க்கச் சகிக்கவில்லை.

"எவ்வளவு நேரமா இப்படி உக்காந்திருக்க?"

"கொஞ்ச நேரந்தான். உன் வண்டி பதினொண்ணு இருபதுக்கு வரும்னு தெரியும். நாலு நிமிஷம் லேட்டு."

தபால் வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்பது விதி. ஆர்டித் தன் வழக்கமான வலது இடத்தில் உட்கார்ந்துகொண்டு, லவோனைத் தூக்கிக் காலியாக இருந்த ஒரே இடத்தில், ஓட்டுநர் இடத்தில் உட்காரவைத்தாள். ஸ்டியரிங்குக்கு நேராக உட்கார்ந்த லவோன் இரண்டு கையையும் மடியில் வைத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஆர்டித் அவள் காலுக்கு நடுவே தன் காலை நீட்டி மிதித்து, பதினெட்டு மைல் தூரத்து மருத்துவமனைக்கு ஓட்டினாள். எதிரே டிராக்டரில் வந்தவர் தொப்பியைத் தூக்க மறந்தார். கண்ணை மூடிக்கொண்டு, கையை விட்டுவிட்டு ஐம்பது மைல் வேகத்தில் லவோன் டீச்சர் கார் ஓட்டினாள் என்று ஊரில் ஒரு வாரம் பேச்சு.

ஆறு வாரம் மாவுக்கட்டு. மார்ச் மாதம் மெர்னாவின் முறை, சதுரங்கள் வந்து குவிந்துவிட்டன. "அப்படியே கொடுத்துடலாமே" என்றாள் ஆர்டித். லவோன் அவளைப் பார்த்த பார்வையில் முப்பத்தொரு வருடப் பிள்ளைகளும் எழுந்து நின்றிருப்பார்கள்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் ஆர்டித் லவோன் வீட்டுச் சமையலறையில் மற்றவர்களின் சதுரங்களைப் பிரித்துத் தைத்தாள். ட்வைலாவின் முக்கோணங்களைப் பிரிக்கும்போது பாட்டு முணுமுணுத்தாள்.

"கால் அங்குலம் விடு," என்றாள் லவோன்.

"கால் அங்குலந்தான் இது."

"அது உன் கால் அங்குலம். நான் சொல்றது ஸ்கேல்ல இருக்கிற கால் அங்குலம்."

"கை உடைஞ்சும் வாய் அடங்குதா பாரு."

மார்ச் கூட்டத்தில் மெர்னா ஐந்து சதுரங்களையும் மேஜையில் பரப்பி, தான் தைத்ததை ஆறாவதாக வைத்தாள். வெகுநேரம் குனிந்து பார்த்தாள். லவோன் டிசம்பரிலேயே தைத்துவைத்த ஒன்றைத் தவிர, எல்லாமே இடது பக்கமாகச் சாய்ந்திருந்தன. காற்றடித்த வயல்போல, எல்லாம் ஒரே சாய்வு.

ட்வைலா தன்னுடையதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "என்னோடது இப்படி இல்லையே. லவோன், உன் இஸ்திரிப் பெட்டிக்கு என்ன கேடு வந்துச்சு?"

"ஒத்தக் கையால போட்டேன்," என்றாள் லவோன்.

ஆர்டித் கோலாச்சியை வாய் நிறைய வைத்துக்கொண்டாள்.

அப்போது மெர்னா பேசினாள். "பரவால்ல. எப்பவும் என்னோடது மட்டும்தான் கோணலாத் தனியா நிக்கும். வீட்டுல விரிச்சா அதுதான் கண்ணுல படும். இந்தத் தடவைதான் மத்ததோட சேந்து நிக்குது."

அது ஒரு மாலைக்கு மிக அதிகமான பேச்சு. லவோன் மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முறைக்காரியின் சொந்தச் சதுரம் லவோன் கைக்கு வருவதே இல்லை. பன்னிரண்டு வருடமாக ஒவ்வொருத்திக்கும், அவளவள் கையால் தைத்தது மட்டும் தோற்றுப்போன மாதிரி ஒரு போர்வையைத் தைத்துக் கொடுத்திருக்கிறாள். திரும்பிப் போகும்போது காரில், "எனக்கு இது தோணவே இல்ல ஆர்டித்" என்றாள். ஆர்டித் அன்றைக்குக் கிண்டல் செய்யவில்லை. ஹீட்டரைக் கூட்டி வைத்தாள்.

மார்ச் கடைசியில் கட்டு பிரித்தார்கள். ஏப்ரலுக்கு ட்வைலாவின் முறை மறுபடி வந்திருந்தது. லவோன் ஐந்து சதுரங்களையும் மேஜையில் வைத்து, நூல் பிரிக்கும் கருவியை எடுத்தாள், திரும்ப வைத்தாள். மூன்று நாள் தாக்குப்பிடித்தாள். நான்காம் நாள் மற்றவர்களுடையதைப் பிரித்துவிட்டாள்; அந்த விஷயத்தில் அவளைத் திருத்த யாராலும் முடியாது. ஆர்டித்தின் சதுரத்துக்கு மட்டும் வெறும் இஸ்திரி போட்டாள். பார்க்கப் பொறுக்காமல் தலையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு போட்டாளாம்.

வியாழக்கிழமை ட்வைலா அந்தச் சதுரத்தைக் கையிலெடுத்து, இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"என்னடி இது? நல்லாத் தேறி வந்தவதானே நீ. யாரு தைச்சா இத?"

"நான்தான்," என்றாள் ஆர்டித்.