வேம்பின் கீழ் ஒரு மழைமானி

முகிலாய் எழுந்து துளியாய் இறங்கும் பெருங்கருணையே, என் எழுத்து பிழையாதிருக்கத் துணை நில். தைப்பூசத் திருநாளாகிய இன்று, நீர்வளப் பணிக்குப் புதிதாக வருவோர்க்கு இதனை எழுதுகிறேன்.

1. இறங்கும் கோடு

புதுவாயலுக்கு மேற்கே ஓர் ஏரி. அதன் கலங்கலை, அதாவது மிகைநீர் வழியும் சுவரை, ஓரடி உயர்த்தித் தொழிற்பேட்டைக்குத் தண்ணீர் சேமிப்பது திட்டம். அது தகுமா என்று கணித்துச் சொல்வது என் பொறுப்பு. ஏரிக்கரை மழைமானியின் நெடுங்காலப் பதிவு ஆண்டுக்காண்டு இறங்கியது. அதை அடிப்படையாகக் கொண்டு கணினி வரைந்த எதிர்காலக் கணிப்புக் கோடான புரொஜெக்‌ஷனும் இறங்கியது. மழை குறையுமெனில் உயர்த்துவதில் ஆபத்தில்லை. ஆயினும் சுற்றுவட்டார மானிகளில் அந்த இறக்கம் இல்லை. என் உறக்கம் கெட்டது. கரை பழையது, அதன் அடியில் ஒரு குடியிருப்பு.

“இன்னா சார், கோடுதான் தெளிவா கீழ போவுதே! கையெழுத்துப் போடாம இன்னாத்துக்கு இழுத்துக்கினு இருக்கீங்க?” என்றார் செயற்பொறியாளர்.

2. ஈரமில்லாப் புனல்

ஆடி வெள்ளியன்று ஏரிக்குச் சென்றேன். திடீரென மழை பிடித்தது. கரையோர வேம்படியில் ஒதுங்கினேன். மஞ்சள் சேலை சுற்றிக் குங்குமம் அப்பிய அம்மன் மரம். கூழ் ஊற்ற வந்திருந்த தேசம்மா என்ற பெண்மணி அழைத்தார்.

“நல்லா உள்ள வந்து நில்லு நைனா. ஆத்தா ஒரு சொட்டு உட மாட்டா.”

“உங்கள் வீடு எங்கேம்மா?”

“தோ, கரைக்குக் கீழதான். மழ வந்தா தூக்கமே கெடையாது, ஒரே பேஜாரு. நீங்க ஏரிய இன்னும் ஒசத்தப் போறீங்களாமே?”

மழையின் பக்கம் திரும்பினேன். இரண்டு முழம் தள்ளி, அதே கிளைகளின் கீழ், மழைமானி. வெளியே கொட்டுகிறது, மழையை வாங்கும் அதன் புனலில் ஈரமே இல்லை. மரம் வளர வளரப் பதிவு இறங்கியிருக்கிறது. அன்னையின் குடைக்கீழ் மானியை வைத்துவிட்டு, வானம் குறைந்ததெனக் கணக்கிட்டிருக்கிறோம்!

3. ஓரடி

“அப்போ மரத்த வெட்டிடலாமா?” என்றார் செயற்பொறியாளர்.

“வெட்டினால் தேசம்மா நம்மை வெட்டுவார். மானியை நகர்த்துங்கள்.”

பழைய பதிவைப் பக்கத்து மானிகளோடு ஒப்பிட்டுத் திருத்தினேன். இறக்கம் மறைந்தது, பெருமழை நாள்கள் வரைபடத்தில் கூர்முனைகளாய் எழுந்தன. உயர்த்தினால் அத்தகைய நாளில் நீர் கரையைத் தாண்டும், எனவே உயர்த்தலாகாது என்று எழுதிக் கொடுத்தேன்.

“மழ பேயலன்னா கம்பெனிக்காரனுக்கு நீங்களா பதில் சொல்வீங்க?”

அந்த அச்சம் எனக்கும் இருந்தது. ஐப்பசி வறண்டே கழிந்தது. செயற்பொறியாளர் என்னோடு பேசுவதையே நிறுத்தினார்.

கார்த்திகையில் விடாமல் பெய்தது. ஏரிக்கு ஓடினேன். கலங்கல் முழுவேகத்தில் வழிந்தும், நீர் கரையுச்சிக்கு ஒரு சாண் கீழே நின்றது. தேசம்மா கரைமேல் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுக்கு மேல ஓரடியா நைனா?” என்றார்.

கணினிக் கோட்டை நம்புமுன், அதற்கு எண் தரும் மானியருகே ஒரு மழையில் நின்று பாருங்கள். வாசிப்போர் யாவர்க்கும் வானம் அளவறிந்து பொழிக. அவர்தம் கரைகள் காக்கப்படுக.